மரண வரியும் அத்தையின் பங்கும்

சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு வரி, ஜனங்களின் மனத்திலிருந்து நீங்குவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்று யாரேனும் ஆராய்ந்தால் நன்றாயிருக்கும். எங்கள் குடும்பத்திற்கு நாற்பது ஆண்டுகள் போதவில்லை.

என் தாத்தா 2022ஆம் ஆண்டில் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு ஒன்று தஞ்சையில் இருக்கிறது. உயில் கிடையாது. அதை விற்றுவிடலாம் என்று பேச்சு எழுந்ததும் உறவினர் ஒருவர் சொன்னாராம்: "சர்க்கார் மரண வரி என்று பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். மூன்று பேர் பெயரில் போனால் மூன்று வரி. தங்கச்சி ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் மிச்சம்!" தங்கச்சி என்பது என் அத்தை. தனக்கென்று வருமானம் எதுவும் இல்லாதவர். டில்லியில் வணிகவியல் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடலாமா, தம்பி?" என்று தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

மரண வரி என்பது கட்டுக்கதை அல்ல. தேஷ்முக் நிதி மந்திரியாக இருந்தபோது, 1953 அக்டோபர் 15 முதல் அது அமலுக்கு வந்தது. பெரிய ஆஸ்திகளின் உச்சப் படியில் ஒரு காலத்தில் 85 சதவிகிதம் வரை உயர்ந்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கொடுத்து அதிலிருந்து தப்புகிறவர்களைப் பிடிக்க 1958இல் நன்கொடை வரி வந்தது. முந்ரா விவகாரத்தில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்திருந்தபடியால், அந்த பட்ஜெட்டைப் படித்தவர் பிரதம மந்திரி நேருவே. டி. டி. கே. 1957இல் கொணர்ந்த செல்வ வரி வேறு இருந்தது. இவ்வளவு வலை விரித்தும் அகப்பட்ட மீன் சிறிது. மரண வரியால் வருவது சுமார் 20 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவோ அதிகம் என்று சொல்லி வி. பி. சிங் 1985இல் அதை எடுத்துவிட்டார். அவ்வாண்டு மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்கு அவ்வரி இல்லை. நன்கொடை வரி 1998இல் போயிற்று. செல்வ வரி 2015இல் போயிற்று.

ஆகவே அத்தையின் முதல் பயத்திற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம்: தகப்பனாரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு, வந்தது என்ற காரணத்துக்காக ஒரு காசும் வரி இல்லை.

விற்கும்போது கதை வேறு. அமெரிக்காவில் மரண வரி இன்னும் உண்டு. ஆனால் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 முதல் ஒருவர் ஒன்றரைக் கோடி டாலர் வரை வரியின்றி விட்டுச் செல்லலாம். அதோடு, அங்கே வாரிசுக்குச் சொத்தின் அடக்கவிலை பொதுவாக இறந்த நாளின் சந்தை விலையாக உயர்ந்துவிடும். நம் நாட்டிலோ தாத்தாவின் பழைய விலையே பேரன் வரைக்கும் தொடர்ந்து வரும். 2001 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய சொத்தானால், அன்றைய மதிப்பை அடக்கவிலையாக வைத்துக்கொள்ளலாம். அது அன்றைய பத்திரப் பதிவு மதிப்பை மிஞ்சலாகாது. அவ்வளவுதான் சலுகை.

இதில் 2024 ஜூலை 23 அன்று ஒரு திருப்பம் ஏற்பட்டது. அதுவரை விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்கவிலையைக் கூட்டி, மிச்ச லாபத்துக்கு 20 சதவிகிதம் கட்டினோம். இனி அந்தக் கூட்டல் கிடையாது, வரி 12½ சதவிகிதம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அந்நாளுக்கு முன் கைக்கு வந்த நிலம், வீடுகளுக்கு மட்டும் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று இறங்கி வந்தார்கள்.

எங்கள் வீட்டை 48 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். 2001 மதிப்பு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12½ சதவிகிதக் கணக்கில் 39 லட்ச லாபத்துக்கு 4,87,500 ரூபாய். பழைய கணக்கில், 2025-26க்கான குறியீட்டு எண் 376 ஆதலால் 9 லட்சம் 33.84 லட்சமாகும், மிச்சம் 14.16 லட்சத்துக்கு 2,83,200 ரூபாய். 2001 மதிப்பு 3 லட்சம்தான் என்றாலோ, புதிய கணக்கே குறைவாக வரும். விற்கிற விலை 2001 மதிப்பைப்போல் எட்டு மடங்கைச் சற்றே தாண்டும் இடத்தில் தராசு சாய்கிறது. எனவே மதிப்பீட்டாளரின் சான்று ஒன்றுதான் இதில் உயிர்நாடி.

இனி, "மூன்று பெயர், மூன்று வரி." இதைப் போன்ற அபத்தம் வேறில்லை. லாபந்தான் மூன்றாகப் பிரிகிறது. பெரியப்பாவும் அப்பாவும் பென்ஷன்காரர்கள். அவர்கள் வருமானம் விலக்கு வரம்பை முன்பே நிரப்பிவிட்டது. அத்தைக்கு வேறு வருமானம் இல்லாததால், 2025-26இல் புதிய முறைப்படி உள்ள 4 லட்ச ரூபாய் விலக்கு அப்படியே கிடைக்கிறது. அவர் பங்கு லாபம் 4.72 லட்சம்; வரி விழுவது 72,000 ரூபாய்க்கு; கட்ட வேண்டியது 14,400. மேல்வரி தனி. மொத்தத்தில், அண்ணன்மார் பெயரில் மட்டும் விற்பதைவிட, மூவர் பெயரில் விற்றால் 80,000 ரூபாய் குறைகிறது. வரிக்குப் பயந்து தங்கையை விலக்கினால் வரிதான் கூடும்!

வரி கூடினால்தான் என்ன, பங்கு பங்கல்லவா? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளும் மகனும் சமம். 2005இல் பூர்வீகச் சொத்தில் வந்த உரிமை வேறு விஷயம். அதைக் காட்டி, "அத்தைக்குக் கல்யாணம் அதற்கு முன்பே ஆகிவிட்டதே" என்று வாதாடியவரும் உண்டு. 16 லட்ச ரூபாயை விட்டுக்கொடுப்பதானால் அத்தை மனமார விட்டுக்கொடுக்கட்டும். இல்லாத ஒரு வரியின் பெயரைச் சொல்லி அதை வாங்கக் கூடாது.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே தாளில் எழுதிப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், 2001 மதிப்புக்குச் சான்று தரும் மதிப்பீட்டாளர் தஞ்சையிலேயே கிடைப்பாரா என்று மட்டும் விசாரித்தார். அன்று மாலையே அத்தையும் கூப்பிட்டார்.

"கிரயப் பத்திரத்திலே என் பேர் முதலிலே வருமா, கடைசியிலே வருமா?"

"வயதுப்படி எழுதுவார்கள் அத்தை. கடைசியில்தான்."

"வந்தால் சரி" என்றார்.