பனியின் கனமும் அறிவின் உடைமையும்

உலகின் உச்சியிலே ஒரு சமுத்திரம் உறைந்து கிடக்கின்றது. அதன் பனி எவ்வளவு பரந்தது என்பதைச் செய்மதி கூறும். எவ்வளவு தடித்தது என்பதை யார் கூறுவார்? பரப்பை மட்டும் கொண்டு பனியை மதிப்பிடுதல், ஆழம் பாராது குளத்து நீரை அளப்பது போலாகும்.

மிதக்கும் பனியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீருள் மறைந்திருக்கின்றது. ஆதலின் விஞ்ஞானிகள் கணனியை நாடினர். காற்று, வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றின் விதிகளைச் சமன்பாடுகளாக்கி, செய்மதி அளவீடுகளால் அவற்றைத் திருத்தி, சமுத்திரத்தின் மாதிரியொன்றை அமைத்தனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரின் 'பியோமாஸ்' அத்தகையது. 1979 செப்டெம்பரில் ஏறத்தாழ 17,000 கன கிலோமீற்றராயிருந்த ஆர்க்டிக் பனி, 2012 செப்டெம்பரில் 4,000க்கும் குறைந்ததென அது கணிக்கின்றது. பரப்பில் போனது பாதி; கன அளவில் போனதோ முக்காற் பங்குக்கும் மேல்!

அவ்வரைகோட்டை மாதந்தோறும் நோக்கிவரும் எமக்கு, அதன் பின்னே நிற்கும் மனிதரே முதலில் தோன்றுகின்றனர். 1893இல் நோர்வே நாட்டு நான்சன் தம் 'ஃபிராம்' கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் உறையவிட்டார். பனி, காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிச் செல்வதைக் கண்டார். பூமியின் சுழற்சியே அதற்குக் காரணமெனச் சுவீடன் நாட்டு எக்மன் கணிதத்தால் நிறுவினார். இன்றைய கடல் மாதிரிகளில் அவ்வுண்மை வாழ்கின்றது. 1937இல் சோவியத் நாட்டுப் பப்பானினும் தோழர் மூவரும் பனிப்பாளமொன்றிலே ஒன்பது மாதங்கள் மிதந்து, கடலின் ஆழத்தையும் வெப்பத்தையும் அளந்தனர்.

ஆயினும் இவ்வறிவின் வரலாறு முற்றும் தூயதன்று. பனியின் கனத்தை நீண்டகாலம் அடியிலிருந்து அளந்தவை போர் நீர்மூழ்கிகள். அவ்வளவீடுகள் பெருமளவில் வெளிவந்தது கெடுபிடிப்போர் முடிந்த பின்னரே. மாதிரிகளைச் சோதிக்க அவையே துணையாயின. 2025 ஜூனிலோ, அமெரிக்க இராணுவச் செய்மதிகளின் பனித்தரவுகள் நிறுத்தப்படுமென அறிவிக்கப்பட்டது. பின்னர் அம்முடிவு ஒத்திவைக்கப்பட்டதெனினும், கதவின் திறப்பு எவர் கையிலுள்ளது என்பதை உலகம் கண்டுகொண்டது.

அதே வரைகோட்டை எண்ணெய்க் கம்பனிகளும் கப்பற் கம்பனிகளும் நோக்குகின்றன. பனியிலே வேட்டையாடி வாழும் இனுவிட் மக்களுக்கு அது வாழ்வின் தேய்வு; கம்பனிகளுக்கோ புதிய வழி திறக்கும் நற்செய்தி!

எண்கள் நடுநிலையானவையாயிருக்கலாம், எண்களை வைத்திருப்போர் அவ்வாறல்லர். ஆகவே, ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, இத்தரவுகளை வாசிக்கக் கற்போம், கற்பிப்போம். பனி உருகுவதை அறியும் உரிமை, அதனால் பாதிக்கப்படும் மனிதகுலம் முழுவதற்கும் உரியது. அவ்வுரிமையை எந்த இராணுவத்தின் தயவிலும் விட்டுவைத்தல் தகாது.