முதல் அட்டெம்ப்ட்ல ஃபெயில்!

மேத்ஸ் அரியரைக்கூட க்ளியர் பண்ணிடலாம் பாஸ்... கவுனி அரிசிகிட்ட மட்டும் கவனமா இருங்க! எங்க ஊர் பொன்னமராவதி பக்கம். கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன நகரத்தார் பர்மாவில இருந்து கொண்டுவந்த கறுப்பு அரிசி இது. இன்னைக்கும் கல்யாணப் பந்தியில தனி மவுசு.

அப்பத்தா இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்ததும் அடுப்படி என் கைக்கு வந்துச்சு. தீபாவளிக்கு அரிசி, தண்ணி, சீனி மூணையும் ஒண்ணாப் போட்டு எட்டு விசில் விட்டேன். கல்லு! ''சீனி விழுந்தா அரிசி வேகாதுடா''ன்னு கட்டில்ல இருந்தே குரல் வந்துச்சு. தண்ணிக்கு ரெண்டும் போட்டி போட்டா, சீனிதான் ஜெயிக்குமாம். இன்ஜினீயருக்கு இது தெரியலை!

நீங்க இப்படிச் செய்யுங்க. ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி ராத்திரியே ஊறப் போடுங்க. ஊறின தண்ணியைக் கொட்டிடாதீங்க, கலரே அதுலதான் இருக்கு. அதோட சேர்த்து மூணு டம்ளர் தண்ணி வெச்சு, விரல்ல நசுக்கினா மசியற வரைக்கும் குக்கர்ல வேகவிடுங்க. அப்புறம்தான் முக்கால் டம்ளர் சீனி, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய்.

பொங்கலுக்கு மறுபடி செஞ்சேன். அப்பத்தாவுக்கு சுகர். ஒரு ஸ்பூன்தான் அனுமதி. வாயில வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. எனக்கு வைவா ஹால் மாதிரி உதறல்!

''ஏலக்காய் தூக்கலா இருக்கு''ன்னு சொல்லிட்டு, கிண்ணத்தை மறுபடி நீட்டுச்சு.