தையல் பிரிந்த வழக்கு

இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய கடிதத்தில் விஷயம் இவ்வளவுதான்: செய்தது நிரூபிக்கப்படாத சிகிச்சை, ஆகவே பணம் தர இயலாது. அதோடு என்னைப் பார்க்க வந்தவர், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்.

ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன அவருடைய இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். சில வருஷம் கழித்து அதன் ஓரத்தில் கசிவு. படி ஏறினால் மூச்சு வாங்கும்; சிறுநீர் கறுத்துப் போகும். குறுகலான இடுக்கில் ரத்தம் பீறிடும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன, அதனால்தான். மறுபடி நெஞ்சைத் திறப்பது ஆபத்து என்று, தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, இதயத்தின் நடுச்சுவரில் துளையிட்டு, இடுக்கில் கம்பி வலை அடைப்பான் ஒன்றை வைத்தார்கள்.

“அது ரத்தக் குழாயை அடைக்கத் தயாரித்த பொருள். வால்வு ஓரத்தில் வைத்தது பரிசோதனை முயற்சி” என்றார், நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் தொடுத்த வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீல். முதல் பாதி உண்மை. எனக்குப் பயமே அதில்தான்.

புது வால்வு எப்படி ஒழுகும் என்று நுகர்வோர் ஆணையத் தலைவர் கேட்டார். டாக்டரின் அறிக்கையை நான் எடுப்பதற்குள் அந்தப் பெண் சொன்னார்: “தோலு நைஞ்சிருந்தா எவ்ளோ நல்ல நூல் போட்டாலும் அறுத்துக்கினு வந்துடும் ஐயா.” அறிக்கையிலும் அதேதான் இருந்தது: சுண்ணாம்பு படிந்த திசு, தையல் பிடிக்கவில்லை.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் பாதி வழக்கு.  பாலிசியின் விலக்குப் பிரிவைக் காட்டிப் பணம் மறுத்தால் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்பது ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த வாசகப்படி, பலனைக் காட்டப் போதிய மருத்துவ ஆவணம் இல்லாததுதான் ‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’. கசிவைக் குழாய் வழியே அடைக்கும் இந்த முறையைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் 1992-லிருந்தே உண்டு. மறு அறுவை ஆபத்தானவர்களுக்கு, கசிவின் அமைப்பும் தோதாக இருந்தால் இது ஏற்கத்தக்க வழி என்று அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் 2020 வழிகாட்டி சொல்கிறது. கட்டுரைகள், வழிகாட்டி இரண்டையும் தாக்கல் செய்தேன். கம்பெனி தரப்பில் ஒரு காகிதம்கூட இல்லை.

வட்டியோடு பணம் கொடுக்க உத்தரவானது. மேல்முறையீட்டுக்கு அவர்கள் போகவில்லை.

எங்களுக்குக் கை கொடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரி: ‘மறு அறுவைக்கு ஆபத்து மிக அதிகம்.’ இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் போகிறவர்கள், இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.