சுழலும் சக்கரம்

அறுபதாம் கலியாணத்து நாகசுர ஒலி நாள்தோறும் கேட்கும் ஊர் திருக்கடையூர். அவ்வூரில் 11ஆம் வகுப்பு மாணவர்க்கு இயற்பியல் கற்பிக்கும் பணியை நான் ஏற்றபொழுது, கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே போதும் என்று எண்ணியிருந்தேன். நிலைமத் திருப்புத்திறன் என்னும் பாடம் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. மாணவர் வரையறையைப் பிழையின்றி ஒப்புவித்தனர். விளங்காததை ஒப்புவிப்பதில் நம் பிள்ளைகளுக்கு ஈடு ஏது? பொருள் ஒருவர்க்கும் புலனாகவில்லை என்பதை அவர்தம் முகங்களே கூறின.

மறுநாள் நீண்ட பலகை ஒன்றும், ஒரே எடையும் ஒரே குறுக்களவும் உடைய இரும்பு வளையம் ஒன்றும் மரவட்டு ஒன்றும் கொண்டு சென்றேன். "இரண்டையும் ஒருங்கே உருட்டினால் எது முந்தும்?" என்று வினவினேன். எடை ஒன்றாதலின் இரண்டும் ஒருங்கே சேரும் என்றனர் பெரும்பாலோர். வேற்றுமை நன்கு தெரியவேண்டும் என்னும் ஆவலால் பலகையை மிகச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டேன். வந்தது வினை! இரண்டும் உருளாமல் வழுக்கி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் தரையில் வீழ்ந்தன. வகுப்பு நகைத்தது, எனக்கோ நாணம் மேலிட்டது.

"ஐயா, சறுக்குகிறது; பலகையைத் தாழ்த்துங்கள்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அவன் மண்பாண்டம் வனைவோர் வீட்டுப் பிள்ளை, கணக்கில் பின்தங்கியவன். படிப்பை நிறுத்திவிட அவன் எண்ணியிருந்ததை நான் அறிவேன். அவன் சொற்படி பலகையைத் தாழ்த்தினேன். வட்டு 4 அடி உருண்டபொழுது வளையம் 3 அடியே உருண்டிருந்தது.

"ஏன்?" என்றேன். ஏனையோர் வாளாவிருக்க, அவனே எழுந்தான்.

"வளையத்தின் பாரம் முழுதும் விளிம்பில் இருக்கிறது, ஐயா. எங்கள் வீட்டுச் சக்கரமும் அப்படித்தான். விளிம்பில் மண்ணைக் கனமாகப் பூசியிருப்போம். கோலால் சுழற்றத் தொடங்குவது கடினம். சுழன்றுவிட்டால் எளிதில் நிற்காது."

நான் கூறவிருந்த பாடம் இதுவே. பொருண்மை அச்சிலிருந்து இருமடங்கு விலகினால் சுழற்சிக்குத் தடை நான்கு மடங்காகும் என்பதையும், சரிவில் இறங்கிப் பெற்ற ஆற்றலில் வளையம் பாதியையும் வட்டு மூன்றில் ஒரு பங்கையும் சுழற்சிக்கே செலவிடுகின்றன என்பதையும் மட்டும் சேர்த்துரைத்தேன். அவன் அக்கணக்கைத் தானே எழுதிப் பார்த்தான்.

அடுத்த வாரம் வகுப்பு முழுவதையும் அவன் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்றான். நானும் கோலைப் பற்றிச் சக்கரத்தைச் சுழற்ற முயன்றேன். மூன்று சுற்றில் நின்றுவிட்டது. அவன் தந்தையார் புன்முறுவலுடன் என் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டார்.