வாவிக்கரைச் சந்தையும் பாவனையாளர் சட்டமும்

ஒரு சமுதாயத்தின் ஒழுக்கத்தை ஆராய்வோர் அதன் கோயில்களையும் நூல்களையும் நோக்குவது வழக்கம். சந்தையை நோக்குவோர் சிலரே. ஆயினும், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் நம்புகின்றனர் என்பது தராசின் முன்னே புலப்படுவதுபோல வேறெங்கும் புலப்படுவதில்லை. பழந்தமிழ்ப் புலவர்கள் இதனை அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், வாங்குமிடத்து மிகையாக எடுப்பதுமில்லை, விற்குமிடத்துக் குறைவாகக் கொடுப்பதுமில்லை என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. துறைமுகத்துப் பண்டங்கள் மீது சோழரின் புலி இலச்சினை இடப்பட்ட செய்தியையும் அந்நூலே தருகின்றது. புகாரின் பண்டசாலையிலே கிடந்த பொதிகளில் உரியவர் பெயரும் அளவும் எழுத்தாற் பொறிக்கப்பட்டிருந்தன எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. வணிகனின் மனச்சாட்சி, அரசின் முத்திரை, பொதியின் மேலுள்ள எழுத்து என்னும் இம்மூன்றும் சேர்ந்ததையே இன்றைய உலகம் பாவனையாளர் பாதுகாப்பு என அழைக்கின்றது. இம்மூன்றும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் எந்நிலையில் உள்ளன என்பது ஆராயத்தக்கது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்நிலப்பகுதியை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. கிழக்கே கடலோடு ஒட்டிய எழுவான்கரையில் பட்டினமும் கடைத்தெருக்களும் அமைந்தன. மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும் பரந்தன. நெல்லும் தயிரும் விறகும் தோணியேறிக் கிழக்கே வர, துணியும் மண்ணெண்ணெயும் சீனியும் மேற்கே சென்றன. இக்கொடுக்கல் வாங்கலில் விற்பவனின் முகமே பண்டத்தின் சுட்டுத்துண்டாக இருந்தது. எருமைத் தயிர் சட்டியைக் கொண்டுவந்தவர் எந்தப் பட்டிக்காரர், எந்த ஊரவர் என்பது வாங்குபவருக்குத் தெரியும். தயிரிலே நீர் கலந்தால் அடுத்த கிழமை அவர் அதே வாசலுக்கு வரவேண்டியிருந்தது. அந்த வெட்கமே அக்காலத்துச் சட்டம்.

எனினும், பழமையை வெறும் நேர்மையின் காலமாகக் காண்பது பொருந்தாது. களத்திலே பொலி அளந்த மரைக்கால் குவித்து அளக்கப்பட்டதா, தலைவழித்து அளக்கப்பட்டதா என்பதிலே ஏழை ஒருவனின் ஆண்டு உழைப்பின் ஒரு பகுதி தங்கியிருந்தது. அளக்கும் கையைத் தீர்மானித்தவர் போடியார். வயற்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் தெரிந்தவரிடையே நம்பிக்கை மட்டுமன்றி அச்சமும் நிலவியது. தெரிந்த முகத்தை எதிர்த்துப் பேசுவது தெரியாத முகத்தை எதிர்ப்பதிலும் கடினமானது. இவ்வுண்மையை மனங்கொள்ளாமல் இன்றைய சட்டத்தின் வெற்றி தோல்விகளை விளங்கிக்கொள்ள இயலாது.

சந்தையின் இயல்பு மாறிய வரலாறு யாவரும் அறிந்ததே. 1977 இல் நாட்டின் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டபின் பொதிசெய்யப்பட்ட பண்டங்கள் நாடெங்கும் பெருகின. படுவான்கரைக்கு அவை சற்றுத் தாமதமாகவே சென்றன. போரும் இடப்பெயர்வும் அதற்குக் காரணங்களாயின. துறைகளும் அதற்கு ஒரு காரணம். மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மக்களும் பொருள்களும் படகிலேயே கடந்தனர். பாலம் வந்தபின் பாரவூர்திகள் நேரே உட்கிராமங்களுக்குச் சென்றன. இன்று கொக்கட்டிச்சோலைக் கடையொன்றில் தொங்கும் பொதியைச் செய்தவர் யார் என்பது அக்கடைக்காரருக்கே தெரியாது. முகம் இருந்த இடத்தில் எழுத்து வந்துவிட்டது. எழுத்துப் பொய் சொன்னால் வெட்கப்படுவதற்கு அங்கு எவரும் இல்லை. ஆகவேதான் சட்டம் தேவைப்படுகின்றது.

இலங்கையிலே இத்துறைச் சட்டங்கள் படிப்படியாக வளர்ந்தன. ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றிய 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், விவரித்து விற்கப்படும் பொருள் அவ்விவரணத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும் என்றது. ஆயினும் ஏமாந்தவர் தாமே வழக்காடி நட்டம் பெறவேண்டும். ஒரு போத்தல் எண்ணெய்க்காக நீதிமன்றம் ஏறும் ஏழை எவருமிலர். 1950 இன் விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் விலையை மட்டும் நோக்கிற்று. 1962 மார்ச் 15 ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடி தம் நாட்டுக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியிலே பாதுகாப்பு, தகவல், தெரிவு, செவிமடுக்கப்படுதல் ஆகிய நான்கையும் பாவனையாளரின் உரிமைகளாக வகுத்தார். 1985 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதற்கான வழிகாட்டி நெறிகளை ஏற்றது. இந்தியா 1986 இல் தனிச்சட்டம் இயற்றியது. இலங்கையோ 1979 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பாவனையாளர் பாதுகாப்பை முன்னரே சட்டமாக்கியிருந்தது. அச்சட்டமும், 1987 இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டமும், விலைக்கட்டுப்பாட்டுச் சட்டமும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தது.

இச்சட்டத்தின் வாசகங்கள் உறுதியானவை. சுட்டுத்துண்டு, விலை குறித்தல், பொதிசெய்தல் பற்றி உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிப்புரை விடுக்க அதிகாரசபைக்கு 10 ஆம் பிரிவு அதிகாரம் தருகின்றது. சுட்டுத்துண்டை அகற்றுவதும் மாற்றுவதும் குற்றமாகும். வணிகர் விலைப்பட்டியலைப் பலரும் காணுமிடத்தில் வைத்தல் வேண்டும் என்பது 26 ஆம் பிரிவு. கேட்பவருக்குத் திகதி, அளவு, விலை ஆகியன குறித்த பற்றுச்சீட்டு வழங்குதல் வேண்டும் என்பது 28 ஆம் பிரிவு. 30 ஆம் பிரிவு ஏமாற்றும் நடத்தையையும் ஏமாற்றக்கூடிய நடத்தையையும் தடைசெய்கின்றது. 31 ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளைத் தடைசெய்கின்றது. முறைப்பாட்டை விசாரித்து நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக்கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக்கொடுக்கவோ கட்டளையிட 13 ஆம் பிரிவு இடமளிக்கின்றது. உச்ச விலையை மீறுவோர்க்கான தண்டம் 2021 இன் திருத்தச் சட்டத்தால் பெரிதும் உயர்த்தப்பட்டது: தனியாளுக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபா வரை, கூட்டுத்தாபனத்துக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் ரூபா வரை. இவற்றோடு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவின் தன்மை, தரம், சேர்க்கை பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் சுட்டுத்துண்டையும் விளம்பரத்தையும் தடுக்கின்றது. தராசுகள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்பது 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த நியதி. புலி இலச்சினை இன்று தராசின் மீது இடப்படுகின்றது எனலாம்.

இத்துணைச் சட்டங்கள் இருந்தும் கிராமத்துப் பாவனையாளர் அவற்றின் நிழலில் நிற்பதாக உணர்வதில்லை. அறியாமையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். அது பாதி உண்மையே. படுவான்கரைக் குடும்பங்கள் பலவற்றின் கொள்வனவு கடைக்காரரின் கடன் கொப்பியிலே நடைபெறுகின்றது. அறுவடை வந்ததும் அல்லது கூலி கிடைத்ததும் கணக்குத் தீர்க்கப்படும். அதுவரை அரிசியும் பருப்பும் பால்மாவும் கொப்பியில் ஒரு வரியாக ஏறும். அக்கொப்பி கடைக்காரரின் கையிலேயே இருக்கும். அவ்வாறு வாங்கும் தாயொருத்தி பற்றுச்சீட்டுக் கேட்டால், நாளைக்குக் கடன் கிடைக்குமா என்ற கேள்வி உடனே எழும். பற்றுச்சீட்டைக் “கேட்பவருக்கு” வழங்கவேண்டும் என்கிறது சட்டம். கேட்க முடியாதவரைப் பற்றி அது பேசவில்லை. பற்றுச்சீட்டு இல்லாவிடத்து முறைப்பாட்டிற்குச் சான்று இல்லை. இங்கு வாயைக் கட்டியிருப்பது கடன். மரைக்காலின் முன் வாளாவிருந்த வயற்காரனின் நிலையும் இதுவே. இவ்வாறிருந்தும், மாரி பொய்த்து எவரும் கடன் கொடாத மாதங்களில் அக்குடும்பத்தின் அடுப்பை எரியவைப்பதும் அக்கொப்பியே என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாவது தடை உதிரியாக விற்கப்படும் பண்டங்கள். 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெய்த் தொகுதிகளில் அஃப்ளடொக்சின் என்னும் நச்சுப்பொருள் காணப்பட்ட செய்தி, சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட ஆயத்தமான வீடுகளைக் கலங்கச் செய்தது. முத்திரையிட்ட போத்தலை வாங்கியோர் பெயரைப் பார்த்து ஒதுக்க முடிந்தது. பீப்பாயிலிருந்து கால்போத்தல் ஊற்றி வாங்குவோருக்கு அந்த வழியும் இல்லை. வறுமை மிகுந்தவரே சிறிய அளவில் வாங்குகின்றனர். சிறிய அளவுக்கே சுட்டுத்துண்டு இல்லை. எழுத்தின் பாதுகாப்பு முழுப்பொதி வாங்க வல்லவருக்கே முதலிற் கிட்டுகின்றது. அதே ஆண்டின் இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது உருளையினுள்ளே இருந்த வாயுக்கலவையின் விகித மாற்றம் நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. முழுவிலை கொடுத்தவரும் தாம் வாங்கியது எது என்பதை அறியாதிருந்தனர் என்பது அப்போது தெளிவாயிற்று.

மூன்றாவது தடை எழுத்தின் மொழியும் உருவமும். சிறிய எழுத்தில், வாசகருக்குப் பழக்கமில்லாத மொழியில் அச்சிடப்பட்ட செய்தி சட்டத்தை நிறைவேற்றலாம், வாங்குபவரை எட்டாது. இவ்விடத்து 2016 இல் இனிப்பூட்டிய பானங்களுக்குக் கொண்டுவரப்பட்ட நிறக்குறியீடு கவனத்திற்குரியது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. எழுத்தறியாத பாட்டியும் பேரனுக்குச் சிவப்பு வேண்டாம் என்று சொல்லலாம்.

நான்காவது வினா, பாவனையாளர் யார் என்பதாகும். பொருளையோ சேவையையோ வணிகரிடமிருந்து பயன்படுத்துபவர் அல்லது பயன்படுத்தக்கூடியவர் எனச் சட்டம் வரைவிலக்கணம் தருகின்றது. வாவிக்கரை மனிதர் காலையில் விற்பவர், மாலையில் வாங்குபவர். பெரும்போக அறுவடையில் இயந்திரம் வெட்டிய ஈரநெல்லைக் காயவைக்கக் களமில்லாமல் வயலோரத்திலேயே விற்கும் விவசாயிக்கு, ஈரப்பதனுக்கென மூடைக்கு இத்தனை கிலோ கழிக்கப்படும். அக்கழிவு எக்கருவியால் அளக்கப்பட்டது என்பதை அவர் அறியார். முற்பணம் தந்த வியாபாரிக்கே இறாலையும் நண்டையும் கொடுக்கும் மீனவரும் அவ்வாறே. இவர்கள் அவ்வேளையில் பாவனையாளர் அல்லர்; பாவனையாளர் சட்டம் அவர்களை நேரே காணாது. முத்திரையிட்ட தராசைக் கோரும் உரிமை மட்டுமே அவர்களுக்கு எஞ்சுகின்றது. காலையில் நிறையில் இழந்தவரே மாலையில் கொப்பியில் கடன் ஏற்றுகின்றார். இரு இழப்புகளையும் தனித்தனியே நோக்கும் சட்டம் அவரின் வாழ்வை முழுமையாக நோக்குவதில்லை.

பணமும் ஒரு பண்டமே. அதற்கும் சுட்டுத்துண்டு உண்டு. போருக்குப் பின் கிழக்கின் கிராமங்களில் பரவிய நுண்கடன்களில் “நூற்றுக்கு 24 வட்டி” என்று கூறப்பட்டால், அதன் பொருள் என்ன? 60,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி 14,400 ரூபாவையும் முதலோடு கூட்டிப் பன்னிரண்டு மாதங்களில் மாதம் 6,200 ரூபா கட்டினால், மாதந்தோறும் முதல் குறைந்துவருவதைக் கணக்கிட்டால், உண்மையான வட்டி ஏறத்தாழ 42 சதவீதமாகின்றது. சொல்லிய எண் பொய்யன்று. வாங்குபவர் விளங்கிக்கொண்டது பொய். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களின் சுமையை நீக்க 2018 இல் அரசு முன்வர நேர்ந்தமை இதன் தாக்கத்தை உணர்த்தும். 2023 இல் மத்திய வங்கி நிதிப் பாவனையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. கடனின் விலையும் ஒரு சுட்டுத்துண்டிலே நேர்மையாக எழுதப்படவேண்டும் என்ற கருத்து இங்கு காலந்தாழ்ந்தே வந்தது.

இனிச் செய்யத்தக்கது யாது? பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கடனையும் பற்றுச்சீட்டையும் ஒருங்கே தரக்கூடிய அமைப்புகள். அவை வலுவுற்றால் கொப்பியின் பிடி தளரும். கடன் கொப்பியின் படியொன்று வாங்குபவரின் கையிலும் இருத்தல் வேண்டும் என்ற சிறு விதியே பெரும்பயன் தரும். கடைக்காரரும் அதனால் இழப்பது எதுவுமில்லை. நேர்மையான கணக்கு அவருக்கும் காவல். நெல் வாங்குமிடத்தில் முத்திரையிட்ட தராசும் ஈரமானியும் விவசாயியின் கண்முன் இருக்கக் கமக்காரர் அமைப்புகள் ஆவன செய்யலாம்.

மற்றொன்று, இவ்விதழைப் படிப்போரைச் சார்ந்தது. 13 ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்திலே, மூன்று மாதத்தினுள் செய்யப்படல் வேண்டும். அதிகாரசபையின் 1977 என்னும் தொலைபேசி இலக்கம் தகவல் கொடுக்க உதவும். நட்டஈடு கோருவதற்கு எழுத்து வேண்டும். சட்டம் எழுத்தைக் கேட்கின்றது. ஏமாந்தவரிடம் பெரும்பாலும் எழுத்து இல்லை. வந்தாறுமூலையிலிருந்து வாவிக்கரை தொலைவில் இல்லை. கிராமத்துக்கு ஒரு மாணவர், மாதத்துக்கு ஒரு நாள், வாசிகசாலையில் அமர்ந்து பிறருக்காக முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்தால் சட்டத்தின் ஏட்டுவாசகம் மக்களின் கையில் வந்து சேரும். முதல் மனுவால் கிடைப்பது ஒரு போத்தல் எண்ணெயின் விலையாக மட்டுமே இருக்கலாம். ஆயினும், அடுத்த முறை அத்தாய் கடைக்காரரின் முகத்தை நேரே பார்த்துச் சிட்டை கேட்பாள்.