ஒரு நாள் பயணம்: வீராணம் கரை வழியே சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகிறவர்கள் புதுச்சத்திரம் வழியான நேர் சாலையைத்தான் பிடிப்பார்கள். நாற்று நட்டு முடித்து ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், குடும்பத்தோடு மேற்கே சுற்றிப் போய்ப் பாருங்கள். காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, வீராணம் ஏரிக்கரை, சேத்தியாத்தோப்பு, வடலூர், கடலூர் என்று ஏறக்குறைய 100 கி.மீ. வரும். பைக்கிலும் போகலாம், பஸ் மாறியும் போகலாம்.

சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் காட்டுமன்னார்கோவில். இதன் பழைய பெயர் வீரநாராயணபுரம். திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். 'வீரநாராயணன்' என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். ஏரிக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள். வீரநாராயணன் ஏரி என்பது மக்கள் வாயில் தேய்ந்து வீராணம் ஆகிவிட்டது.

பராந்தகன் ஆட்சி 907 முதல் 955 வரை. வடக்கே ராஷ்டிரகூடர் படையெடுப்பு வரும் என்று எதிர்பார்த்து, மகன் இராசாதித்தனைப் பெரும் படையோடு திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தி வைத்தான். சண்டை வரும்வரை அந்தப் பட்டாளம் சும்மா இருக்க வேண்டாம் என்று இந்த ஏரியை வெட்டியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 949இல் தக்கோலத்தில் போர் நடந்தது. யானை மேலிருந்தபடியே இராசாதித்தன் மாண்டான். சோழர் படை தோற்றது, வடபகுதி கைவிட்டுப் போனது. ஏரி மட்டும் ஆயிரம் ஆண்டு தாண்டி இன்றும் தண்ணீர் கொடுக்கிறது.

லால்பேட்டையில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துவிட்டுக் கரை ஏறுங்கள். சேத்தியாத்தோப்பு வரை சுமார் 16 கி.மீ. கரை மேலேயே சாலை. இடது பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர், வலது பக்கம் பள்ளத்தில் நெல் வயல். எதற்காக இங்கே கரை போட்டார்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்க வேறு பாடமே வேண்டாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கரையில்தான் தொடங்குகிறது.

மேட்டூர் தண்ணீர் கொள்ளிடத்தில் வந்து, அணைக்கரையில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரிக்குள் நுழைகிறது. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 47.5 அடி. பாசனம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். பழைய காலத்தில் 74 மதகு என்பார்கள். இன்று இருப்பது 34. வண்டியை நிறுத்தி ஏதாவது ஒரு மதகைக் கிட்டே போய்ப் பாருங்கள். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் தண்ணீர் கடைமடை வரை போகுமா என்பது நமக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இந்த ஏரிக்கு உள்ள பெரிய நோய் வண்டல். மேற்கே அரியலூர்ப் பக்கத்திலிருந்து மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மண்ணை அடித்துக்கொண்டு வந்து கொட்டுகின்றன. தூர்ந்த அளவுக்குத் தண்ணீர் பிடிப்பது குறையும். முன்னோருக்கும் இது தெரியும். அதே பராந்தகன் காலத்தில், காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை மூலம் ஆண்டுதோறும் 'ஏரி வாரியம்' தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஊரில் ஒரு குழு! வெட்டியது ஒரு தலைமுறை. காப்பாற்றி நம் கையில் கொடுத்தது முப்பது, நாற்பது தலைமுறை.

சேத்தியாத்தோப்பு அருகே நீரேற்று நிலையம் இருக்கிறது. 2004 முதல் இங்கிருந்து சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. நாளுக்கு 18 கோடி லிட்டர் வரை அனுப்பும் திட்டம் இது. ஏரி வற்றினால் கடைமடை விவசாயியும் தவிப்பார், சென்னைக் குடும்பமும் தவிக்கும். அதனால் தூர் வாருங்கள் என்று நாம் கேட்பது நகரத்துக்கும் சேர்த்துத்தான்.

அங்கேயே வெள்ளாற்று அணைக்கட்டைப் பார்த்துவிட்டு வடலூர் போங்கள். பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் பகல் சாப்பாடு கிடைக்கும். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் யாரோ அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குவதால்தான் அது எரிகிறது. அங்கிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகச் சாயங்காலத்துக்குள் கடலூர் போய்ச் சேரலாம்.

ஆடி முதல் தை வரை போவது நல்லது, கோடையில் ஏரி காய்ந்து கிடக்கலாம். கரைச் சாலையில் நெல் வண்டிகள் வரும், நிதானமாக ஓட்டுங்கள். பிள்ளைகளை மதகு ஓரம் இறங்க விடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஏரிக்கு எத்தனை மதகு, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள், நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் கூடி எத்தனை நாள் ஆயிற்று என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். வயலுக்கு வண்டல் வேண்டுமென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கிடைத்த பதிலை வாசகர் கேள்விப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும்.