ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்

திருவண்ணாமலையில விமான நிலையம் கிடையாது. சொந்தமா விமானம் வச்சிருக்கிற நண்பனும் எனக்குக் கிடையாது. அப்புறம் எதுக்குடா விமான விபத்தைப் பத்தி எழுதறேன்னு கேட்பீங்க. படிச்ச ஒரு விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான்.

2014 மே 31, அமெரிக்காவின் கொலராடோ. நள்ளிரவு தாண்டிய நேரம். ரெண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய செஸ்னா 150 விமானம் விழுந்து இருவருமே இறந்துட்டாங்க. உள்ளே இருந்த சின்ன கேமராவுல, அதுக்கு முன்னாடி போன ஆறு நிமிடப் பயணம் பதிவாகியிருந்தது. விமானி ஃப்ளாஷ் போட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தார்! கடைசிப் பயணம் அதுல இல்லை. ஆனாலும், இருட்டுல திசை தடுமாறி விமானம் விழுந்ததுக்கு, செல்போன்ல கவனம் போனதும் ஒரு காரணமா இருக்கலாம்னு விசாரணை வாரியம் சொன்னது.

அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் நடக்காதுன்னு நினைச்சா தப்பு. 1972 டிசம்பர் 29, மியாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்துல, முன்சக்கரம் இறங்கினதைக் காட்டுற சின்ன பல்பு எரியலை. எல்லார் கவனமும் அந்த பல்பு மேலயே. விமானம் மெல்லக் கீழே போனதை யாரும் பார்க்கலை. 101 பேர் இறந்தாங்க.

1981ல அமெரிக்காவுல ஒரு விதி வந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு பேசக்கூடாது. ஆனா அது பயணிகள் விமான நிறுவனங்களுக்கும் வாடகை விமானங்களுக்கும்தான். சொந்தமா சின்ன விமானம் ஓட்டுறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேகம், உயரம், காற்று, ரேடியோ, சக்கரம் எல்லாத்தையும் அவர் ஒருத்தரே பார்க்கணும். 5,000 அடியில பண்ற தப்பைத் திருத்த நேரம் இருக்கு. 300 அடியில இல்லை. பக்கத்து சீட்டுலயோ, "மச்சி, கீழ பாரு!"ன்னு ஒரு நண்பன்.

எங்க மாமா பஸ் டிரைவர். பௌர்ணமி கூட்டத்துல பஸ்ஸை நிலையத்துக்குள்ள திருப்பும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார். திமிர் பிடிச்சவர்னு பேர். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். இப்போ அந்த மௌனத்துக்கு அர்த்தம் புரியுது.

அதனால மக்களே, விமானமோ பைக்கோ, ஓட்டுறவரை மட்டும் குறை சொல்லாதீங்க. அவருக்கு அந்த ரெண்டு நிமிஷ அமைதியைக் கொடுக்கிறது பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நம்ம வேலை. சொல்லவேண்டிய கதையை இறங்கினதுக்கு அப்புறம் டீக்கடையில சொல்லிக்கலாம். என்ன சொல்றீங்க?